செத்தவன் சத்தம் போடக் கூடாது

காலில் மாவுக்கட்டும் கக்கத்தில் ஊன்றுகோலுமாகக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய நவநீதகிருஷ்ணன் அன்றைக்குச் செய்த தப்பு ஒன்றுதான். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் நின்றுவிட்டான்.

எதிரே எஸ்டிடி பூத் வைத்திருக்கும் சுல்தான் பாய் அவனுடைய பச்சைச் சட்டையையும் கட்டுப் போட்ட காலையும் மாறி மாறிப் பார்த்தார். பூத்துக்குள் இருந்த சின்ன டிவியில் எல்லைச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் ஆனி மாதம். கார்கில், கார்கில் என்று டீக்கடையிலும் சலூனிலும் அதே பேச்சாக இருந்த நேரம்.

"அங்கனயா தம்பி?" என்று டிவிப் பக்கம் கையைக் காட்டி மெதுவாகக் கேட்டார் பாய்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இல்லை என்றால், பின்னே கால் எப்படி ஒடிந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் நவநீதனுக்கு இல்லை. ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வேறு விட்டுப் போயிருந்தது. பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

சுல்தான் பாய் நல்ல மனுஷர். குனிந்த தலைக்கு அவராகவே ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அவனை ஏற்றிவிட்டார். பிறகு பூத்துக்குள் போய், அவன் அப்பா பெருமாள்சாமி வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன் போட்டார். தீப்பெட்டி செய்கிற இடத்தை இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வது. போனை எடுத்தவரும் முதலாளியேதான். ஆட்டோ தெருமுனை திரும்பும்போது வாசலில் ஆரத்தித் தட்டு காத்திருந்தது.

உண்மையில் கால் ஒடிந்த கதை வேறு.

நவநீதன் பட்டாளத்தில் சேர்ந்து அரை வருஷம்கூட ஆகவில்லை. வடக்கே ஒரு பயிற்சி மையத்தில் ரெக்ரூட்டாக இருந்தான். காலையில் ஓடுவது, கயிறு ஏறுவது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது எல்லாவற்றையும் ஒருமாதிரி ஒப்பேற்றிவிட்டான். அவனைக் கவிழ்த்தது களப் பயிற்சி. மூட்டை முடிச்சோடு காட்டுக்குப் போக வேண்டும். குழி வெட்டி, குழியிலேயே படுத்து, குழியிலேயே தின்று, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, தலையில் இலை தழையைச் செருகிக்கொண்டு புதர்போல இருக்க வேண்டும். கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு மண்ணோடு கிடப்பது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அங்கே மண்ணே இல்லை, பூராவும் பாறை. மற்றவர்கள் எப்படியோ இடுப்பளவு வெட்டி இறங்கிவிட்டார்கள். அவன் வெட்டியது கோழி பறித்த பள்ளம் மாதிரி இருந்தது.

பயிற்சி கொடுக்கிற ஹவில்தாரை உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். உஸ்தாத் வந்து குனிந்து பார்த்துவிட்டு, இதில் எதை ஒளித்துவைக்கப் போகிறாய், மூக்கையா என்று இந்தியில் கேட்டார். தவழ்ந்து போகச் சொன்னால் நவநீதனின் தலை ஒழுங்காகத் தரையில் இருக்கும், பின்பக்கம் மட்டும் வானத்தைப் பார்க்கும். திசைகாட்டியைக் கையில் கொடுத்துக் காட்டுக்குள் வழிகாட்டச் சொன்னபோது, தன் அணியை நேராகச் சமையல் கொட்டகைக்கே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தான். அங்கே அப்போதுதான் பூரி போட்டுக்கொண்டிருந்தார்கள். திசைகாட்டி சரியாகத்தான் இருந்தது, மூக்குதான் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவன் சொன்ன சமாதானத்தை உஸ்தாத் ஏற்றுக்கொள்ளவில்லை.

கடைசியில் அவனை எதிரியாக்கிவிட்டார்கள். களப் பயிற்சியில் எதிரி வேஷத்துக்குத் தேறாத பையன்களைத்தான் போடுவது. வேலை சுலபம். குன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். விடிகிற நேரத்தில் மற்றவர்கள் ஏறி வரும்போது வெற்றுத் தோட்டாவைச் சுட்டுவிட்டு, செத்து விழ வேண்டும். ஊதல் அடிக்கும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். அவ்வளவுதான்.

நவநீதனுக்கு அன்றைக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. எதையும் உருப்படியாகச் செய்யவில்லை, சாகவாவது உருப்படியாகச் சாவோம் என்று நினைத்தான். நெஞ்சைப் பிடித்தான். தள்ளாடினான். வானத்தைப் பார்த்து அம்மா என்றான். அதோடு விழுந்திருக்கலாம், இன்னும் கொஞ்சம் தள்ளாடுவோம் என்று பின்னால் கால் வைத்தான். பின்னால் இருந்தது சமையல்காரர்கள் குப்பை கொட்ட வெட்டிய பள்ளம். கால் முறிந்த சத்தம் அவன் காதுக்கே கேட்டது. அலறிவிட்டான்.

"செத்தவன் சத்தம் போடக் கூடாது" என்று கீழே இருந்து உஸ்தாத் கத்தினார்.

ஊதல் அடிக்கும்வரை ஒருவரும் அவன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முட்டைத் தோட்டிலும் உருளைக்கிழங்குத் தோலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் செத்துக் கிடந்தான். பிறகு ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, லீவு. கால் சரியான பிறகு திரும்பி வந்து, அடுத்து சேருகிற பையன்களோடு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதை, கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு நிற்கிற தாயிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்க்கத்தான் செய்தான்.

"குண்டெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கீழ விழுந்துட்டேன்."

"குண்டு பட்டா கீழதானய்யா விழுவாக" என்றாள் சுப்புத்தாய்.

தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. நவநீதனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இதை இத்தோடு விட்டுவிடுங்கள், வெளியே சொல்கிற விஷயமில்லை என்றான். அவன் வெட்கத்தில் சொன்னது, கேட்டவர்களுக்குப் பட்டாள ரகசியமாகப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள், பெருமாள்சாமி மகன் வாயைத் திறந்தால் டெல்லியே ஆட்டம் கண்டுவிடும் என்கிற அளவுக்குத் தெருவில் பேச்சு வளர்ந்திருந்தது.

மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனநாதன், ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக நேரிலேயே வந்துவிட்டார். ரகசியம் எல்லாம் வேண்டாம், சும்மா மேலோட்டமாகக் கொஞ்சம் சொல்லு என்று கேட்டார். நவநீதன் யோசித்தான். பொய் சொல்ல மனசு வரவில்லை. உண்மையையும் சொல்ல முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே சொன்னான், பயிற்சி என்கிற ஒரு வார்த்தையையும் தான் எந்தப் பக்கம் இருந்தான் என்பதையும் மட்டும் விட்டுவிட்டான். பாறையில் குழி வெட்டியது, முகத்தில் கரி பூசியது, குன்று, விடியற்காலை, புகை, வெடிச் சத்தம், பள்ளத்தில் விழுந்தது, உதவிக்கு ஒருவரும் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு தத்ரூபமாக இருந்தது.

பூவனநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம ஆபீஸ்ல அடுத்தாப்ல வாரது ஜவான் தீப்பெட்டி. லேபிள்ல ஒம்படந்தான் தம்பி" என்றார்.

நவநீதன் பதறிப்போய் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அப்பாவைப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து முதலாளி முன்னால் நின்றே பழகிய பெருமாள்சாமி, அன்றைக்கு முதலாளிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளியே கையைப் பிடித்து உட்காரவைத்திருந்தார். முதுகு சாயாமல், நாற்காலிக்கு வலிக்குமோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷரை எழுந்து நிற்கவைக்கும் வார்த்தையை நவநீதனால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நொந்துகொண்டான். அன்றைக்கு அது முதலாளிக்கும் அப்பாவுக்கும் முன்னால் படுகிற வெட்கம் மட்டும்தான். அதற்குப் பிறகு அது வேறொருத்தியின் வயிற்றெரிச்சலாகிவிட்டது.

அவள் பெயர் வேலுத்தாய். நாகலாபுரத்துக்காரி. மானாவாரியில் கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் பருத்தி போட்டுப் பிழைக்கிறவள்.

இந்தக் கரிசல் பக்கத்து ஜனங்களுக்குப் பட்டாளம் என்றால் ஒரே இடம். மில் மாதிரி, ஒரு கேட், ஒரு சங்கு என்று நினைப்பு. பட்டாளத்துக்காரன் ஒருவன் லீவில் வந்துவிட்டால் போதும், சுற்று வட்டாரத்தில் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய வீடுகளிலிருந்தெல்லாம் பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். ஒருவன் அசாமில் இருப்பான், ஒருவன் ராஜஸ்தானில் இருப்பான். அதெல்லாம் கணக்கில்லை. போகிறபோது எம்பிள்ளை கையில் கொடுத்துவிடு என்று சேவும் கருப்பட்டி மிட்டாயும் வந்து குவியும். வாங்க மாட்டேன் என்றால் அது பெரிய மரியாதைக் குறைவு.

வேலுத்தாயும் அப்படித்தான் ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரம். உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எய்யா, எம்மகன் முப்பிடாதியும் அங்கனதான் இருக்கான். மாசக்கணக்கா ஒரு தாக்கலும் இல்ல, கடுதாசியும் இல்ல. நீ அவனப் பாத்தியாய்யா?"

இல்லை பெரியம்மா என்றுதான் சொல்ல நினைத்தான். முப்பிடாதி என்ற பெயரையே அவன் அப்போதுதான் கேள்விப்படுகிறான். ஆனால் வீட்டில் இருந்த அத்தனை கண்ணும் அவன் மேல் இருந்தது. எல்லையில் எத்தனையோ பிள்ளைகள் சாகிற நேரத்தில் ஒரு தாய் வந்து கேட்கிறாள். பார்க்கவில்லை என்று சொன்னால் அவள் அந்த இடத்திலேயே சரிந்துவிடுவாளோ என்று பட்டது.

"பாத்தேன் பெரியம்மா. அவிய நல்லாருக்காக."

"நெசமாப் பாத்தியா?"

"பாத்தேன்."

வேலுத்தாய் பெருமூச்சு விட்டாள். சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, கேட்டுக்கிட்டீகளா, எம்மகன் அங்கனதான் இருக்கானாம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சுப்புத்தாயும் சேர்ந்து அழுதாள். நவநீதனுக்கு அழக்கூட யோக்கியதை இல்லாத மாதிரி இருந்தது.

ஒரு வார்த்தையோடு போகும் என்று நினைத்தான். அடுத்த தடவை வேலுத்தாய் தன் ஊர்ப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் காதாலும் கேட்க வேண்டுமாம். அவர்களோ சும்மா கேட்டுவிட்டுப் போகிற ரகமில்லை. எங்கே பார்த்தாய், என்ன செய்துகொண்டிருந்தான், இளைத்திருக்கிறானா, கறுத்திருக்கிறானா என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். பார்த்தேன் என்று சொன்னவன் எங்கே என்று சொல்லாமல் இருக்க முடியாது. மலையில் என்றான். மலையில் என்றால் என்ன மலை என்றார்கள். பனி மலை என்றான். அந்தக் குளிரில் அவனுக்குப் போர்வை இருக்கிறதா என்று ஒரு கிழவி கேட்டாள். தன் போர்வையையும் எனக்குக் கொடுத்தார் என்று வாயில் வந்துவிட்டது. சுப்புத்தாய் அந்த இடத்திலேயே முப்பிடாதி பெயரில் ஒரு கிடா நேர்ந்துகொண்டாள்.

பொட்டலங்கள் சேர்ந்துகொண்டே போயின. எள்ளுருண்டை, காராச்சேவு, வறுத்த கடலை. எறும்பு வரிசை கட்டி வந்தது. தபாலில் அனுப்பிவிடலாமே என்று தங்கை விஜி கேட்டாள். சண்டை நடக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்றான். கெட்டுப் போகுமே என்று அவளே ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவனுக்கும் ஒன்று நீட்டினாள். முகம் தெரியாத முப்பிடாதிக்கு அவன் தாய் இடித்துப் பிடித்த எள்ளுருண்டை தொண்டையில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்றும் எடுத்தான்.

இதற்குள் போர்வை விஷயம் பூவனநாதன் காதுக்குப் போய்விட்டது. ஒரு ஜவான் என்ன, இரண்டு ஜவானாகவே லேபிளில் போட்டுவிடுவோம் என்று முடிவு பண்ணினார். முப்பிடாதியின் போட்டோ வேண்டுமென்று ஆள் அனுப்பினார். இருந்தது ஒரே போட்டோ, அதையும் பட்டாளத்துக்கே கொண்டு போய்விட்டான் என்று வேலுத்தாய் சொல்லி அனுப்பினாள். பூவனநாதன் அசரவில்லை. லேபிளுக்குப் படம் வரைகிற சீனியை அழைத்துக்கொண்டு நவநீதன் வீட்டுக்கு வந்தார். நேரில் பார்த்தவன் இருக்கும்போது போட்டோ எதற்கு என்றார்.

சீனி பென்சிலைத் தீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். மூக்கு எப்படி என்றார். நவநீதன், மூக்கு மாதிரிதான் என்றான். மீசை உண்டா? உண்டு. முறுக்கினதா, படிந்ததா? இரண்டுக்கும் நடுவில். சீனி அதுவரை வரைந்ததெல்லாம் சிங்கமும் சேவலும் தாமரையும்தான். வரைந்து முடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தபோது, அது அச்சு அசலாகச் சீனியின் மச்சினன் முகமாக இருந்தது. சீனிக்கே அது கொஞ்சம் வருத்தம்தான், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இதோடு குட்டு உடைந்துவிடும் என்று நவநீதன் நினைத்தான். உடைந்தால் உடையட்டும் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. பெற்ற தாய்க்கா பிள்ளை முகம் தெரியாது? வேலுத்தாயை வரவழைத்துப் படத்தைக் காட்டினார்கள். அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். நவநீதனை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அவனேதான்" என்றாள். "வேற யாரையும் இதுல சொல்ல முடியாது. இதையே போட்டிருங்க மொதலாளி."

எந்த முகத்தைக் காட்டினாலும் என் மகன் என்று கட்டிக்கொள்கிற அளவுக்கு அந்தத் தாய் ஏங்கிப் போயிருக்கிறாளே என்று நவநீதன் நினைத்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குப்பைக் குழியில் விழுந்து கிடந்த வலியே தேவலை என்று தோன்றியது. அது காலோடு போய்விட்டது.

பாராட்டு விழாவைத் தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்திலேயே வைத்தார்கள். குச்சி காயப்போடுகிற இடத்தைப் பெருக்கிப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, லேபிளைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நவநீதன், மறுபக்கம் சீனியின் மச்சினன். மேடையில் ஒரு நாற்காலியில் வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். வர மாட்டேன் என்றவளை ஜீப் அனுப்பி அழைத்து வந்திருந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நவநீதன் அன்றைக்கு முடிவோடுதான் போனான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, உங்கள் எல்லோரிடமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றும் ஆரம்பித்துவிட்டான். முன்வரிசையில் பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தார். இப்போது நன்றாகச் சாய்ந்து உட்காரப் பழகியிருந்தார். ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற பெண்கள் எல்லாம், பசை படிந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையை அங்கே வைத்துச் சொல்ல நவநீதனால் ஆகவில்லை. தன்னைப் பற்றிப் புகழ்ந்து பேசாமல் இருந்தாலாவது பாவம் குறையும் என்று, இருந்த பெருமையை எல்லாம் தூக்கி முப்பிடாதி தலையில் வைத்தான்.

"நான் ஒண்ணும் செய்யல. எல்லாம் முப்பிடாதி அண்ணந்தான். எங்களுக்கெல்லாம் முன்னால அவியதான் மலை உச்சிக்கு ஏறுனாக. இன்னும் மேலதான் இருக்காக. சண்டை முடியுத வரைக்கும் எறங்க மாட்டேன்னுட்டாக."

கைதட்டலில் பந்தல் ஆடியது. பூவனநாதன் மைக்கை வாங்கி, முப்பிடாதி ஊருக்கு வருகிற அன்றைக்குக் கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் வரைக்கும் திறந்த ஜீப்பில், மேளதாளத்தோடு, போலீஸ் அதிகாரிகளை முன்னால் விட்டு ஊர்வலம் நடத்தப்போவதாக அறிவித்தார். மறுபடி கைதட்டல். வேலுத்தாயின் முகத்தில் ரத்தமே இல்லை. மாலையைச் சரிசெய்கிற சாக்கில் நவநீதன் பக்கம் சாய்ந்தாள்.

"போதும்யா. இதுக்கு மேல வேண்டாம்" என்றாள்.

அந்தக் குரல் அவன் காதிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வேலுத்தாய் கோவில்பட்டிக்கு வரவே இல்லை.

எல்லையில் சண்டை முடிந்தது. சுல்தான் பாய் பூத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். நவநீதன் அதை வாயில் போடவில்லை. சண்டை முடிந்துவிட்டது, மலையில் இருக்கிறவன் இறங்கி வர வேண்டுமே. நாகலாபுரத்திலிருந்து வந்தவர்கள், வேலுத்தாய் இப்போதெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை, பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள் என்று சொன்னார்கள். காட்டு வேலைக்குக்கூடச் சரியாகப் போவதில்லையாம்.

மகன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்று நவநீதனுக்குப் புரிந்தது. மாசக்கணக்கில் தாக்கல் இல்லை என்றால் என்ன அர்த்தம்? முப்பிடாதி உண்மையிலேயே எங்கேயாவது செத்துப் போயிருந்தால்? தான் பார்க்கவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், அந்தத் தாய் கலெக்டர் ஆபீஸ், அங்கே இங்கே என்று அலைந்தாவது விசாரித்திருப்பாள். ஒரு பொய்யைச் சொல்லி அவளை வீட்டில் உட்காரவைத்துவிட்டோமே என்று மருகினான். காலில் கட்டைப் பிரித்துவிட்டார்கள். பயிற்சிக்குத் திரும்பிப் போகிற நாளும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள், மிச்சம் இருந்த பொட்டலங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நாகலாபுரம் பஸ் ஏறினான்.

பஸ்ஸை விட்டு இறங்கியவனுக்கு வேலுத்தாய் வீடு ஊருக்கு வெளியே, காட்டைத் தாண்டி இருக்கிறது என்றார்கள். ஆவணி பிறந்தும் மழையைக் காணோம். கரிசல் வாய் பிளந்து கிடந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கைத்துணைக்கு வைத்திருந்த ஊன்றுகோல் ஒரு வெடிப்புக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. இழுத்ததில் தடுமாறி விழுந்தான். பொட்டலங்கள் சிதறின. குனிந்து, ஊர்ந்து, வெடிப்புக்குள் கையை விட்டு எள்ளுருண்டைகளைப் பொறுக்கினான். பின்பக்கத்தைத் தாழ்த்தி அவன் சரியாகத் தவழ்ந்தது அன்றைக்குத்தான். உஸ்தாத் பார்த்திருந்தால் தேர்ச்சி போட்டிருப்பார்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினான். உள்ளே ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்துத்தான் கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது. வேலுத்தாய் இளைத்துப் போயிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் கண் அவனைத் தாண்டி, ஜீப்பும் மேளமும் வருகிறதா என்பதுபோலப் பாதையைத் துழாவியது. தனியாகத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் உள்ளே விட்டாள்.

நவநீதன் உட்காரக்கூட இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சண்டை நடந்த மலையைத் தான் பார்த்ததே டிவியில்தான் என்றான். தான் விழுந்தது குப்பைக் குழி, அதுவும் எதிரி வேஷம் போட்டு என்றான். போர்வை பொய், மலை பொய், லேபிளில் இருப்பது யார் மச்சினனோ என்றான். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

"என்ன மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல பெரியம்மா. நாளைக்கு அந்தக் குழி வெட்டுத எடத்துக்கே திரும்பப் போறேன். அங்கன தாங்க முடியாம ஓடி வந்துருவமான்னுகூட எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன். அப்பேர்ப்பட்டவன் நான். ஒங்க மகனப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

வேலுத்தாய் அழவில்லை. திட்டவில்லை. நாலு அறை அறைந்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எம்மகன நீ கண்ணால கண்டதே இல்ல?"

"இல்ல பெரியம்மா."

"இதையெல்லாம் வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல. மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்லணும்னு வந்தேன்."

வேலுத்தாய் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, பருத்தி மூட்டைகள் அடுக்கியிருந்த பரணுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"ஏலே முப்பிடாதி, பயப்படாம எறங்கி வா. ஒன்ன மலைமேல ஏத்திவிட்ட தம்பிதான் வந்திருக்கு."